துளி என்ற பெயரை எடுத்துவிடு

மார்ச் 4

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். மருமகளின் முதுகுவலி தேவலையா? போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

நேற்று ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருத்தி கூப்பிட்டாள். "என்ன மேடம் இது? கைக்குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து பதினஞ்சு மில்லி குடுன்னு காட்டுது! துளின்னு பேர் இருக்கேன்னு நம்பி ஊத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கத்தினாள். ஒன்றரை மில்லி வரவேண்டிய இடம். திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அது எங்கள் துளி இல்லை. உன் கம்பெனியின் "துளி பிளஸ்".

ஆஸ்பத்திரி பார்மசியில் இருந்தபோது நாங்கள் நாலு பேர் சேர்ந்து எழுதிய மென்பொருள் துளி. குழந்தையின் எடையைப் போட்டால் மருந்தின் அளவைச் சொல்லும். நிரலை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். திருத்தியதற்குத் துளி என்று பெயர் வைக்க மட்டும் கூடாது. அந்த விதியை எழுதியவளே நான்தான். போன வருஷம் ஒரு கல்லூரிப் பெண் "குட்டித் துளி" என்று வைத்தாள். இரண்டே நாளில் மாற்ற வைத்தேன், பாவம், அழுதுவிட்டாள். நீ வைத்தபோது கண்டும் காணாமல் இருந்தேன். பெற்ற பாசம். அது என் தப்பு.

பெயரை எடுத்துவிடு. வேண்டுமானால் "துளியை அடிப்படையாகக் கொண்டது" என்று ஒரு வரி போட்டுக்கொள். அதற்கு விதியில் இடம் உண்டு.

அன்புடன்,
அம்மா

மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

எடை போடும் கட்டத்தை மாற்றினோம், தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போய்விட்டது. அன்றைக்கே சரிசெய்தாயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, பிறகு எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்?

துளி என்ற பெயரைக் கேட்டுத்தான் ஆஸ்பத்திரிகளில் எங்களை உட்காரச் சொல்கிறார்கள். அதை எடுத்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். என்னை நம்பி இருபது பேர் வேலை பார்க்கிறார்கள்.

நீ துளியோடு உட்கார்ந்திருந்த வருஷங்களில் நானும் தம்பியும் மெஸ்ஸில்தான் சாப்பிட்டோம். பள்ளிக்கூட ஆண்டுவிழா ஒன்றுக்காவது வந்தாயா? அந்தப் பெயரில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெரியவன்

மார்ச் 11

அன்புள்ள பெரியவனுக்கு,

அந்த வருஷங்களைப் பற்றி நீ எழுதியது நிஜம். படித்துவிட்டு அழுதேன்.

ஆனால் அதற்கு ஈடாக இந்தப் பெயரை உனக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. அதைப் பார்த்துத்தான் நர்ஸுகள் மருந்தை அளக்கிறார்கள். பதினைந்து நாள் தருகிறேன். அதற்குள் மாற்றாவிட்டால் எங்கள் துளி குழுவிலிருந்து நோட்டீஸ் வரும். கையெழுத்து என்னுடையதாகத்தான் இருக்கும்.

அம்மா

மார்ச் 24

அம்மா,

மாற்றியாயிற்று. இனி அதன் பெயர் "நலத்துணை". துளி என்று வந்த இடத்திலெல்லாம் நலத்துணை என்று ஒரே கட்டளையில் எல்லாக் கோப்புகளிலும் மாற்றிவிட்டோம். தேடிப் பார், உன் துளி ஒரு மூலையில்கூட இருக்காது. நீ பிச்சை போட்ட அந்த "அடிப்படை" வரியும் எங்களுக்கு வேண்டாம்.

திருப்திதானே?

மார்ச் 29

பெரியவனுக்கு,

தேடிப் பார்த்தேன். அளவுப் பட்டியலின் தலைப்பில் "இவற்றைத் துளி குழுவினர் மூன்று முறை கையால் கணக்கிட்டுச் சரிபார்த்தனர்" என்று நாங்கள் எழுதியிருந்தோம். இப்போது உங்கள் கோப்பில் அதே இடத்தில் "நலத்துணை குழுவினர்" என்று இருக்கிறது. பட்டியலில் நீங்கள் புதிதாகச் சேர்த்த பதினோரு மருந்துகளும் அதே வரிக்குக் கீழே வருகின்றன. உங்களில் ஒருவராவது ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

கட்டளை செய்த தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். நானும் அப்படி மாற்றி மாட்டிக்கொண்டவள்தான். அதனால்தான் நேற்று போனில் பதமாகச் சொன்னேன். "ஒரு வரிதானேம்மா, அதை யாரு படிக்கப் போறா? விளம்பரத்துலயும் அதையே போட்டாச்சு, இனி எடுக்க முடியாது" என்றாய். வாய் கூசாமல் சொன்னாய். நான் வளர்த்த பிள்ளையா இப்படிப் பேசுகிறான்?

நாளைக் காலை எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் எங்கள் கடிதம் போகிறது. நலத்துணையின் அளவுகளை நாங்கள் சரிபார்க்கவில்லை, அவர்கள் சரிபார்த்ததற்கும் ஆதாரமில்லை, குழந்தைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். இதற்குப் பிறகு நீ என் போனை எடுக்க மாட்டாய். தெரிந்துதான் செய்கிறேன்.

கம்பெனியை நடத்துகிறவன் பெயரையும் போடச் சொன்னார்கள் குழுவில். நான் போடவில்லை. அம்மாவாக என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அம்மா