வேர் நுனியைத் தாண்டிப் போன அழுக்கு

ஒரே கூவலில் பஸ்ஸை நிறுத்தும் என் கண்டக்டர் அக்காவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ செத்துப்போய் ஆறு மாதமாகியும் அது தணியவில்லை.

திருப்பதியில் என் பல் மருத்துவ மேற்படிப்புக்கு இப்போது ஓர் ஆய்வு செய்கிறேன். பிடுங்கிய பல்லைக் கண்ணாடிக் குப்பியின் வாயில் பொருத்தி வேர் சிகிச்சை செய்வேன். சுரண்டும்போது வேர் நுனி வழியாக வெளியே விழும் அழுக்கைக் காயவைத்து எடை போடுவேன். வேருக்குள் விட்டுச் சுரண்டும் மெல்லிய கம்பிக்கு ஃபைல் என்று பெயர். கையால் மேலும் கீழும் தேய்க்கும் ஃபைல் அதிகம் தள்ளுகிறது. மோட்டாரில் சுழல்வது குறைவாகத் தள்ளுகிறது. எதுவுமே தள்ளாத ஃபைல் என்று ஒன்று இதுவரை என் கையில் கிடைக்கவில்லை. குப்பியில் விழுந்தால் அது வெறும் எடை. சர்க்கரை ஏறிக் கிடந்த உன் தாடைக்குள் கிருமியோடு விழுந்தால்?

புத்தூரில் இரண்டு ட்ரிப்புக்கு நடுவே ஒரு டாக்டரிடம் போய் சொத்தைப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டாய். மறுநாள் எனக்கு போன் செய்தாய்.

"தாட வீங்கிக்கினே போவுதுடி. டிக்கெட்னு கூவ முடியல."

"ரூட் கெனால் பண்ணா வீங்கும்க்கா. ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்."

ஜுரம் இருக்கிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. திருமலைக் கூட்டம், லீவு கிடைக்காது என்று டூட்டிக்குப் போனாய். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வீக்கம் கழுத்தில் இறங்கி மூச்சை அடைத்திருந்தது. ஏன் சொல்லவில்லை அக்கா?

போன வாரம் அந்தப் புத்தூர் டாக்டரிடம் போனேன். கையால் தேய்க்கும் ஃபைல்தான் போட்டாராம். ஃபைல் நுனியைத் தாண்டாமல் இருக்க வேரின் நீளத்தை முதலில் அளந்தீர்களா என்று கேட்டேன்.

"கைப்பழக்கத்துலயே தெரியும்மா."

"சுகர் இருக்கான்னு கேட்டீங்களா?"

"அவங்க சொல்லலியே. எந்த ஃபைல் போட்டாலும் கொஞ்சம் வெளிய போவும். நீங்களும் டாக்டருதானே."

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. கொஞ்சம் போகும் என்று தெரிந்தவர் அளந்திருக்க வேண்டாமா? வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படியே கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "ரெண்டாம் நாள் உங்க அக்காவுக்கு நானே போன் பண்ணேன்மா. வந்து காட்டச் சொன்னேன். தங்கச்சி டாக்டரு, வடிஞ்சிடும்னு சொல்லிட்டா, வரலன்னாங்க."

படியிறங்கி வந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். உன் பஸ் போகும் பக்கம் பார்க்க முடியவில்லை.

இன்று பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதி முடித்தேன். நீளம் அளக்காதது, சர்க்கரை கேட்காதது எல்லாம் இருக்கிறது. நான் போனில் சொன்ன பதிலும் இருக்கிறது. படித்துப் பார்த்த வக்கீல், "இந்த வரிய எடுத்துடும்மா, கேஸ் வீக் ஆயிடும்" என்றார்.

எடுக்க மாட்டேன் அக்கா. யார் எதிரில் என்றாலும் அந்த வரியை நானே வாய்விட்டுப் படிப்பேன்.

நீ சொன்னதற்குத் திருப்பி ஒரு கேள்வி கேட்காத,
உன் தங்கச்சி