பாதையின் குறுக்கே கிடந்த இரண்டு மட்டைகள்

அனுப்புநர்:
வெரோனிக்கா த/பெ கிறிஸ்டியன்,
பள்ளி வேன் ஓட்டுநர்,
புக்கிட் பெலிம்பிங்,
கோலா சிலாங்கூர்.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம்,
கோலா சிலாங்கூர்.

பொருள்: கிரேன்வில் தோட்டத்தில் சைக்கிளோட்டி ஒருவர் விழுந்து காயமடைந்ததற்காக அறுவடைத் தொழிலாளி திரு. தங்கராஜு வேலையிலிருந்து நீக்கப்பட்டதில் தலையிட வேண்டியும், பூட்டப்பட்ட மலை சைக்கிள் பாதையைத் திறக்க வேண்டியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வார நாட்களில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்ததும் மலை சைக்கிள் ஓட்டுகிறேன். என்னோடு இவ்வட்டாரத்தைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கோலா சிலாங்கூரில் மலை எங்கே இருக்கிறது என்று எங்களைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. தாங்களும் கேட்கக்கூடும். மலை இல்லை என்பது உண்மைதான். செம்பனைத் தோட்டம் இருக்கிறது, அதற்குள் கால்வாய் இருக்கிறது, கால்வாய்மேல் ஒற்றைப் பலகை இருக்கிறது. மழை பெய்த மறுநாள் அந்தப் பலகையில் சைக்கிளை விட்டுப் பார்த்தவர்கள் மலையைப் பற்றிப் பிறகு பேசுவதில்லை.

இம்மனுவின் மலாய் மொழிபெயர்ப்பும் இத்துடன் உள்ளது. முதலில் தமிழில் எழுதியதற்குக் காரணம், தோட்டத்து மக்கள் தாங்கள் கையெழுத்திடுவது எதற்கு என்று வரிக்கு வரி படித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அது அவர்கள் உரிமை.

2. நாங்கள் ஓட்டும் பாதை கிரேன்வில் தோட்டத்தின் வழியாகச் செல்கிறது. தோட்ட நிர்வாகத்தின் வாய்மொழி அனுமதியுடன் ஆறு ஆண்டுகளாக ஓட்டி வருகிறோம். நிபந்தனை ஒன்றே ஒன்று: அறுவடை நடக்கும் பிளாக்கிற்குள் நுழையக் கூடாது. செம்பனைக் குலை ஒன்று இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். மரத்தின் உயரத்திலிருந்து அது விழுந்தால் தலைக்கவசம் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

எந்த பிளாக்கில் அறுவடை என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அத்தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுகிறவர் வேலையைத் தொடங்குமுன் பாதையின் வாயிலில் இரண்டு செம்பனை மட்டைகளைக் குறுக்காகப் போட்டுவிடுவார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முதல் மாடு மேய்ப்பவர் வரை எல்லாருக்கும் அது தெரியும். மட்டையைப் பார்த்தால் திரும்பிவிட வேண்டும். வேலை முடிந்ததும் போட்டவரே எடுத்துவிடுவார்.

3. கடந்த 13 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் மழையில் வேலை தடைப்பட்டதால் அன்றும் அறுவடை வைத்திருந்தார்கள். நாங்கள் போனபோது ஏழாம் பிளாக் வாயிலில் மட்டைகள் குறுக்காகக் கிடந்தன. முணுமுணுத்துக்கொண்டே திரும்பி, கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். மட்டைகளைப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் இம்மனுவில் கையொப்பமிட்டிருக்கிறோம்.

எங்களுக்குப் பின்னால் கிள்ளானிலிருந்து திரு. விமலன் என்பவர் தனியாக வந்தார். இந்தப் பாதையைக் கைப்பேசிச் செயலியில் பார்த்து முதல் முறையாக வந்தவர். ஏழாம் பிளாக்கிற்குள் போனார். அவருக்குச் சற்று முன்னால் ஒரு குலை விழுந்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்ததில் சைக்கிளோடு தூக்கியெறியப்பட்டுக் கால்வாயில் விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. அந்தக் குலையைக் கீழே நின்று வெட்டியவர் திரு. தங்கராஜு. அவர்தான் அரிவாள் கட்டிய நீளக் கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து, கால்வாயில் இறங்கி, விமலனைத் தூக்கிக் கரையேற்றி, லோரியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

4. தோட்ட நிர்வாகம் விசாரணை நடத்தி, 'எச்சரிக்கை எதுவும் வைக்கப்படவில்லை' என்று முடிவு செய்தது. விபத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தவர்கள் பாதை வெறுமையாக இருந்ததைக் கண்டார்கள். அதனால் அப்படி எழுதினார்கள். தங்கராஜு தாம் மட்டை போட்டதாகச் சொன்னதை யாரும் நம்பவில்லை. புதிதாக வந்த மேலாளர், செம்பனைத் தோட்டத்தில் பார்க்கும் இடமெல்லாம் மட்டைதான், இதில் எது எச்சரிக்கை, எது குப்பை என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. அதை எங்களிடம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்போம். எங்களை யாரும் அழைக்கவில்லை.

பதினெட்டு ஆண்டுகள் அங்கே வேலை செய்தவரை ஒரே கடிதத்தில் நீக்கிவிட்டார்கள். வீடு தோட்டத்துடையது என்பதால் இம்மாத இறுதிக்குள் காலி செய்ய வேண்டும். பாதைக்கு இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

5. மட்டைகள் எங்கே போயின என்பதை இப்போது சொல்கிறேன். திரு. விமலன் தலைக்கவசத்தில் கேமரா மாட்டியிருந்தார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அதைப் போட்டுப் பார்த்தவர், தாமாகவே எங்கள் குழுவைத் தேடிப்பிடித்து அதை அனுப்பினார். அதில் அவர் ஏழாம் பிளாக் வாயிலில் இறங்குகிறார். குறுக்கே கிடக்கும் இரண்டு மட்டைகளையும் ஒவ்வொன்றாக இழுத்து ஓரமாகப் போடுகிறார். "பின்னாடி வர்றவங்க தடுக்கி விழுந்திடப் போறாங்க லா, எடுத்துப் போட்டுருவோம்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். பிறகு சைக்கிளில் ஏறிப் போகிறார்.

ஐயா, அந்தக் காணொளியை நான் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களில் நல்லவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பாதையில் கிளை கிடந்தால் இறங்கி எடுத்துப் போட வேண்டும். தாண்டிப் போகிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். கோலா குபு பாருவிலும் பத்தாங் காலியிலும் எத்தனை கிளைகளை இழுத்துப் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

6. வெளியூருக்கு ஓட்டப் போனால் நான் முதலில் அங்குள்ள சைக்கிள் கடையைத் தேடுவேன். சைக்கிள் கடை இல்லையென்றால் தே தாரிக் விற்கும் தேநீர்க் கடை. செயலியில் தெரியும் கோடு, பாதை எங்கே போகிறது என்று மட்டும்தான் காட்டும். எந்த வீட்டு நாய் அவிழ்த்து விடப்பட்டிருக்கிறது, எந்தப் பலகை உளுத்துவிட்டது என்பதெல்லாம் உள்ளூர்க்காரர் வாயிலிருந்துதான் வர வேண்டும். நல்ல பாதை என்று நான் சொல்வது, விசாரிக்க ஓர் ஆள் கிடைக்கும் பாதையைத்தான். எங்கள் பாதைக்கு வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. மட்டையின் பொருளைச் சொல்ல அந்த வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லை. விமலன் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தில் கேட்டதும் அந்தப் பலகையை மட்டும்தான். யாரையும் வேலையை விட்டு நீக்கும்படி அவர் கேட்கவில்லை.

7. காணொளியை நிர்வாகத்திடம் கொடுத்தோம். விசாரணை முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அதனால்தான் தங்களிடம் வருகிறேன்.

தங்கராஜுவின் பிள்ளைகள் இருவர் என் வேனில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். அவரை எனக்குத் தெரியும் என்பதைப் பின்னால் வேறு யாராவது சொல்லித் தாங்கள் அறிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. மனுவில் சேர்க்க அவரிடம் ஒரு வாக்குமூலம் கேட்டபோது இவ்வளவுதான் சொன்னார்: "சத்தம் கேட்டதும் ஆளைக் கொன்னுட்டேன்னுதான் நினைச்சேன். அவரு கால்வாயிலேர்ந்து முனகினப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. மட்டை போட்டேன். அதுக்கு மேல எனக்கு என்ன சொல்லத் தெரியும்?" அவர் மனைவி தனேஸ்வரி அரிசி டின் முதற்கொண்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார். எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை.

8. ஆகவே தாங்கள் தயைகூர்ந்து:

(அ) காணொளியையும் எங்கள் ஒன்பது பேர் சாட்சியத்தையும் ஏற்று, தொழிலாளர் துறையின் முன்னிலையில் இவ்விசாரணையை மீண்டும் நடத்தச் செய்ய வேண்டும். அது முடியும்வரை தங்கராஜு குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியேற்றாதிருக்கும்படி நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும்.

(ஆ) பாதையைத் திறக்கச் செய்ய வேண்டும். மட்டை கிடந்தால் திரும்பிப் போக வேண்டும் என்று மூன்று மொழிகளில் எழுதிய பலகையை எங்கள் செலவிலேயே வைக்கிறோம். பலகையில் என் கைப்பேசி எண்ணும் இருக்கும். செயலியிலும் அந்தக் குறிப்பை நாங்களே ஏற்றிவிடுவோம்.

9. மனுவைப் படித்துப் பார்த்த குழுவினர் சிலர், இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் இரண்டும் கெட்டுப்போகும் என்றார்கள். பாதையைத் திறக்க விரும்பாத நிர்வாகம் ஆளையும் திரும்ப எடுக்காது என்பது அவர்கள் பயம். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. அந்தப் பாதை என் வாரத்தில் எனக்கென்று இருக்கும் ஒரே காலைப்பொழுது. அதை இழக்க எனக்கு மனமில்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். இருந்தாலும் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுத்து இதை எழுதுகிறேன். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று தங்களுக்குப் பட்டால் (ஆ)வை அடித்துவிடுங்கள். கேட் பூட்டியே இருக்கட்டும். நாங்கள் பத்தாங் காலிக்குப் போய் ஓட்டிக்கொள்கிறோம். தங்கராஜுவுக்குப் போக வேறு இடமில்லை.

தங்கள் முடிவை எதிர்பார்த்து,

வெரோனிக்கா த/பெ கிறிஸ்டியன்
(ஒப்பம்)

இடம்: புக்கிட் பெலிம்பிங்
நாள்: 4 நவம்பர் 2024

இணைப்பு: காணொளிப் பதிவு; சாட்சிகள் ஒன்பது பேரின் கையொப்பம்; தோட்ட மக்களின் கையொப்பம்; திரு. விமலனின் கடிதம் (வலது தோளில் கட்டுப் போட்டிருப்பதால் இடக்கையால் எழுதப்பட்டது, எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்).