தமிழுக்கு மூன்றை அழுத்து

மஹய்யாவ, கண்டி
புதன்கிழமை, காலை பத்து மணி

அன்பு மகன் இப்ஹாமுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னைக் கட்டாரில் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். நானும் வாப்பாவும் சுகம். உன் தங்கச்சி அம்னா சுகமாக இல்லை, அதற்குக் காரணம் நீ. சலாமிலும் துஆவிலும் குறை வைக்கவில்லை, இனி வருவதெல்லாம் கோபம்தான், ஆறுதலாக உட்கார்ந்து வாசி.

போன் இருக்கும்போது உம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். என் தொண்டை உனக்குத் தெரியும். நான் ஏசத் தொடங்கினால் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் கேட்கும். ஆனால் எட்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை இந்த வீட்டில் யாருக்கும் சத்தம் கிடையாது. உன் பழைய அறையில் சுவர் நிறையப் போர்வையைத் தொங்கவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கார்கோ கம்பனிக்கு வரும் தமிழ் அழைப்புகளுக்கெல்லாம் அம்னா பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பின்னால் ஒரு சத்தம் கேட்டால் அவளுடைய புள்ளி குறையும். அதனால் பருப்பை விடியச் சுபஹுத் தொழுகையோடேயே அவித்து வைத்துவிடுகிறேன், குக்கர் விசில் அடிக்கக்கூடாது. வாப்பாவுக்கு இருமல் வந்தால் படிக்கட்டுக்கு இறங்கிப் போய் இருமிவிட்டு வருகிறார். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோவைத் தெரு முடக்கிலேயே மறித்து நிறுத்துவது நான்தான். தகரத்தில் மழை விழுந்தால் ஒன்றும் கேட்காது என்று தன் முதல் வருடச் சம்பளத்தில் சீலிங் அடித்தாள். உன் கம்பனி நாலு மாதம் சம்பளம் தராமல் இழுத்தடித்தபோது இங்கே அடுப்பு எரிந்ததும் அந்த அறையிலிருந்து வந்த காசில்தான். மறந்துவிட்டாயா?

அந்தப் பிள்ளையின் வேலையில்தானே நீ கை வைத்தாய். உன்னோடு அறையில் இருக்கும் அர்கம், உன் தங்கச்சியோடு அரை மணித்தியாலம் கதைத்தேன் என்று சிரித்துச் சொன்னானாம், உனக்கு மானம் போய்விட்டதாம். என்ன கதைத்தான் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நான் கேட்டேன். அவன் தன் உம்மா ஹபீலாவுக்கு அனுப்பிய பெட்டி மூன்று வாரமாக வந்து சேரவில்லை. அம்னா அவனை லைனில் வைத்துக்கொண்டே நாலு இடத்துக்குப் போன் எடுத்து, பெட்டி பேராதனையில் வேறொரு வீட்டில் கிடப்பதைக் கண்டுபிடித்திருக்கிறாள். அடுத்த நாளே பெட்டி வந்தது. ஹபீலா வட்டிலப்பம் செய்து கொண்டுவந்து, உங்கட மகள் மனுசருக்கு உதவி செய்ற தொழில் செய்ற என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் வீட்டில் துஆ, என் மகனுக்கு மானக்கேடு!

நீ என்னிடம் கேட்கவில்லை, வாப்பாவிடம் கேட்கவில்லை. அவசரத்துக்கு என்று அம்னா உன்னை நம்பித் தந்த, அவளுடைய மேலதிகாரி மிஸ்ஸின் இலக்கத்துக்குச் சனிக்கிழமை எடுத்து, நான்தான் மூத்த நாநா, வீட்டில் முடிவாகிவிட்டது, தங்கச்சிக்கு நிக்காஹ், இனி வேலைக்கு வரமாட்டாள் என்று சொல்லியிருக்கிறாய். எந்த வீட்டில் முடிவாகியது? மாப்பிள்ளை யார்? திங்கட்கிழமை காலையில் அம்னா கம்ப்யூட்டரைப் போட்டால் திறக்கவில்லை. கூட வேலை செய்யும் பிள்ளைகள் எல்லோரும் கல்யாண வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள், பரிசு வாங்கக் காசும் சேர்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கம்ப்யூட்டரையும் ஹெட்போனையும் திருப்பித் தரவேண்டுமாம். என் பிள்ளை அழவில்லை. நாநா ஏன் இப்படிச் செஞ்ச என்று ஒரு தரம் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான்தான் கொழும்புக்கு, அந்த மிஸ்ஸுக்கு எடுத்தேன். கடைத் தெருவில் பழகிய என் சிங்களத்தில், கல்யாணம் இல்லை, மாப்பிள்ளை இல்லை, என் மகன் பொய் சொன்னான் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன். மகன், அதைச் சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசியது. உன்னைப் பெற்று இத்தனை வருடத்தில் உன்னை யாரிடமும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த மனுசி நல்லவர். ஒரு மாதம் பார்ப்போம் என்று நேற்றிலிருந்து அவளை வேலைக்குத் திரும்ப எடுத்திருக்கிறார். வீட்டிலிருந்து இனி ஒரு தொல்லை வந்தால் அவராலும் ஒன்றும் செய்ய ஏலாதாம். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று எழுதியிருந்த இடத்தில் உன் பெயரை வெட்டிவிட்டு என் பெயரைப் போடச் சொன்னேன். போட்டுவிட்டார்.

வேலை திரும்பக் கிடைத்தும் பிள்ளை சரியாகவில்லை. கதவுக்கு உள்ளே யார் யாருக்கோ அவ்வளவு பணிவாகப் பதில் சொல்கிறாள். வெளியே வந்தால் ஒரு பேச்சும் இல்லை, சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிடுகிறாள். உன் இலக்கத்தையும் தடுத்துவிட்டாள். தடையை நீக்கென்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கம்பனியின் பொது இலக்கத்துக்கு எடு. தமிழுக்கு மூன்றை அழுத்து. மற்ற சனத்தைப் போல வரிசையில் காத்திரு. தமிழுக்கு இரண்டு பேர்தான், மற்றப் பிள்ளை எடுத்தால் மரியாதையாக வைத்துவிட்டுத் திரும்ப எடு. அம்னா எடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு வை, அதற்குமேல் ஒரு வார்த்தை பேசி அவள் நேரத்தை வீணாக்காதே. மிஸ்ஸிடம் இதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டேன், சிரித்துக்கொண்டே ஓம் என்றார்.

நேரத்துக்குத் தொழு, வெறும் வயிற்றில் தேத்தண்ணீர் குடிக்காதே. அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். இதை வாப்பா படமெடுத்து உனக்கு அனுப்புவார். ஞாபகம் வைத்துக்கொள், எடுத்தவுடன் இந்த உரையாடல் பதிவு செய்யப்படும் என்று ஒரு குரல் சொல்லும். திடுக்கிடாதே, அதுவும் உன் தங்கச்சியின் குரல்தான். ஒவ்வொரு நாளும் எத்தனையோ பேர் பொறுமையாகக் கேட்கிற குரல், நீயும் கேள்.

இன்னும் கோபம் ஆறாத
உன் உம்மா
றமீலா