வலி ஊசி வேண்டாமென்று கிடப்பவளுக்கு

இருளாயிக்கு,

பெண்கள் வார்டுக்குள் என்னை விடமாட்டார்களாம். நான் சொல்லச் சொல்ல ரோகிணி என்ற நர்ஸ் பிள்ளை எழுதுகிறது. அதுவே உனக்கு வாசித்தும் காட்டும்.

மார்பில் கட்டியை எடுத்ததிலிருந்து ஊசி வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாயாம். நான் சொன்னதால்தானே? அபின் வகை வலி மருந்து போட்டால் புற்று திரும்பி வருமென்று கொடைக்கானல் பஸ்ஸில் யாரோ பேசியதைக் கேட்டுவந்து சொன்னேன். பழனியில் நீ அலகு குத்திய தைப்பூசம் நினைப்பில் இருந்தது, இதையும் தாங்கிவிடுவாய் என்று நினைத்துவிட்டேன். நாற்பத்தொரு வருஷம் ஆச்சு. கன்னத்தில் வேல் இறங்கும்போது நீ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அது சாமிக்காகத் தாங்கியது, இது என் வாய்ப்பேச்சுக்காகத் தாங்குவது என்று புத்திக்கு எட்டவில்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"சிலர் அப்படிச் சந்தேகப்படுறாங்க தாத்தா, சிலர் இல்லேங்கிறாங்க. உறுதியா யாருக்கும் தெரியாது. வலியோட கெடக்குறதும் உடம்புக்குக் கெடுதல்தான்."

ஆபரேஷனில் முதுகுப் பக்கம் ஊசி போட்டு மார்பை மட்டும் மரக்கவைத்தது இந்த டாக்டரம்மாதானாம். உலகத்தில் இப்படியும் உண்டா! அதைச் செய்யத் தெரிந்தவரே, தெரியாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். மலைத்துப்போய் நின்றேன். எனக்கென்னவோ அந்த வார்த்தையில்தான் நம்பிக்கை வந்தது.

"பாட்டிக்கு இன்னும் என்னங்க, வெரசா சொல்லுங்க" என்கிறது பிள்ளை.

ஊசி போட்டுக்கொள். தூங்கி எழுந்து என்னைத் திட்டு. வார்டு வாசலில்தான் இருக்கிறேன், சத்தமாகத் திட்டினால் கேட்கும்.

உன் வீட்டுக்காரன்
(கைநாட்டு)