யானைக் கட்சியும் மூன்று சனிக்கிழமைகளும்

4 நவ., செவ்வாய்

தூறல். வீட்டைச் சூடாக்கும் பொய்லரைத் திருத்துபவர் இன்றும் வரவில்லை. அப்பா ஜன்னலோரம். கேட்டால், "சும்மா ரோட்டைப் பாக்கிறன்."

மூன்று சனிக்கிழமையாக நடேசு மாமா வரவில்லை. அம்மா இறந்த பிறகு அப்பாவைப் பார்க்க வெம்பிளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரே நண்பர். சண்டை எதற்கு? அமெரிக்காவின் யானைச் சின்னக் கட்சிக்கு! அடிமைகளை விடுவித்தது அதுதான் என்றார் அப்பா. கறுப்பினத்தவர் பெரும்பாலும் எதிர்க்கட்சியான கழுதைச் சின்னத்துக்கு வாக்களிக்கும்போது அதெப்படி என்றார் மாமா. "படிக்காத ஆளோட கதைச்சது என்ர பிழை" என்று அப்பா சொல்ல, மாமா தேநீரைத் தொடாமலே எழுந்து போனார். இருவருக்கும் அங்கே வாக்கே இல்லை.

6 நவ., வியாழன்

வரலாறு படித்தவள் நான்தானாம், யார் சரியென்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம் அப்பாவுக்கு. நூலகத்தில் இரண்டு மணி நேரம். குறிப்பு:

– தொடக்கம்: அடிமைமுறை பரவுவதை எதிர்த்து. வடக்கின் கட்சி. விடுதலை பெற்றவர்களின் வாக்கும் அதற்கே.
– 1930கள்: பொருளாதாரச் சரிவு. கறுப்பின வாக்கு கழுதைப் பக்கம்.
– 1960கள்: சம உரிமைச் சட்டங்கள். பின் தெற்கின் வெள்ளையர் மெல்ல மெல்ல யானைப் பக்கம்.
– இறக்குமதி வரி: முதலில் வேண்டும், பிறகு வேண்டாம், இப்போது மறுபடி வேண்டும்.
– முன்பு பட்டதாரிகள் சாய்ந்த கட்சி. இப்போது பட்டமில்லாதவர்கள்.

ஆக, இருவரும் சரி. சமாதானத்துக்கு இது உதவுமா? சந்தேகம்.

மாமாவுக்கு போன். "தீர்ப்பு எனக்கெதிரெண்டால் வரமாட்டன் பிள்ளை."

"வந்து கேளுங்கோ மாமா."

பால் வாங்க வேண்டும்.

8 நவ., சனி

வெயில். மூன்றரைக்கு அழைப்புமணி. எனக்கு முன்னால் அப்பா கதவடியில்.

"வாரும் காணும். அண்டைக்கு வாய் தவறிட்டுது."

"உமக்கு எப்பதான் தவறேல்லை?"

அதன் பிறகுதான் தேநீருக்குக் கேத்திலைப் போட்டேன்.

குறிப்பைப் பார்க்காமலே சொன்னேன்: கோயில் திருவிழா மாதிரி. கோயில் அதே, பெயர் அதே. செலவை ஏற்கும் உபயகாரர் மாறிவிட்டார்கள், இப்போது புதியவர்கள் கேட்கிற மேளம்.

இருவர் முகத்திலும் ஏமாற்றம். "ரெண்டு பேரும் சரியெண்டால் பிறகென்னத்தைக் கதைக்கிறது?" என்றார் மாமா. "கழுதைக் கட்சியும் மாறினதோ?"

"ஓம் மாமா. அதுவும்."

"அப்ப அடுத்த சனி அது."

இரண்டு கப் தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார். கதவைச் சாத்தியதும் அப்பா, மெதுவாக: "பிள்ளை, கழுதையை எனக்கு மட்டும் முதல்ல சொல்லித் தா."