வகுப்புக்குப் பின் பதினைந்து நிமிடம்

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் வாயாடி எழுதுகிறேன். விடுதி அறை பரவாயில்லை, ஜன்னல்தான் மூட வரவில்லை. நன்றாகப் பாடம் நடத்துவது எப்படி என்று ஆறு வாரம் சொல்லித்தரப் போகிறார்களாம். எட்டு வருஷமாக வகுப்பில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்காதீர்கள். முப்பது பேரும் கல்லூரி ஆசிரியர்கள், பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. ஆளுக்கொரு வண்ணக் காகிதம் கொடுத்து, "உங்க பலம் என்னன்னு எழுதி சுவத்துல ஒட்டுங்க" என்கிறார் பயிற்சியாளர். வேதியியல்காரர் ஒருவர் 'பொறுமை' என்று எழுதிவிட்டு, ஒட்டவில்லை என்று காகிதத்தைக் கசக்கி எறிந்தார்.

சக ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, படிவம் நிரப்பித் தரவேண்டும். இதில் தேறினால்தான் என் வேலை நிரந்தரம். உங்களை விட்டால் எனக்கு யார்? வரட்டுமா? போனில் கேட்கலாம் என்றால், உங்கள் போன் ரிப்பேராகி ஒரு வருஷம் ஆகிறது. கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு உண்டு.

உங்கள்
வாயாடி

ஜூலை 9

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உன் மேசையில் என் விடைத்தாள்கள் குடியேறிவிட்டன, வந்து சண்டை போடாதே.

பதினெட்டாம் தேதி வா, இரண்டாவது பீரியட். முடிந்ததும் ஓடிவிடாதே. உன்னிடம் ரொம்ப நாளாக ஒன்று சொல்லவேண்டும். கடிதத்தில் எழுத வரவில்லை. காபி நான் வாங்கித் தருகிறேன். போனைப் பற்றி மட்டும் பேசாதே.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமா? மணி அடித்ததும் ஓடிவந்துவிட்டேன். அந்த பஸ்ஸை விட்டால் சாயங்காலம்தான். அன்றைக்கே படிவம் கொடுத்தாக வேண்டும். காபியை இன்னொரு நாள் சேர்ந்து குடிப்போம்.

படிவத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், அடிக்க வராதீர்கள். முதலில் புகழ்ந்துதான் எழுதினேன். "எல்லாமே பிரமாதம்னா நீங்க வகுப்புக்கே போகலைன்னு அர்த்தம்" என்று பயிற்சியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் இரண்டு குறை சேர்த்தேன். ஐம்பது நிமிடத்தில் ஆசிரியர் மாணவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டாம் வரிசைப் பெண் இரண்டு தடவை சந்தேகம் கேட்டும், கண்டுகொள்ளாமல் போர்டுப் பக்கம் திரும்பிவிட்டார். உண்மைதானே அக்கா?

சாக்பீஸ் டப்பாவிலிருந்து துண்டுச் சீட்டுகளை எடுத்துப் பார்த்துப் பார்த்து நடத்தினீர்களே, அதை மட்டும் எழுதவில்லை. குறிப்பு வைத்துக்கொள்கிற ஆளா நீங்கள்? உங்கள் மானம் என் கையில்!

வாயாடி

ஆகஸ்ட் 6

அன்புள்ள வாயாடிக்கு,

படிவத்தின் ஒரு நகல் துறைத் தலைவருக்கும் வருமாம். உனக்குத் தெரிந்திருக்காது. நேற்று கூப்பிட்டு, ஏன் இப்படி என்று கேட்டார். சொல்லிவிட்டேன்.

வலது காது போய் மூன்று வருஷம். போன வருஷம் இடது காதும் கிளம்பிவிட்டது. கருவி வைத்துப் பார்த்தேன், வெறும் இரைச்சல்தான். போன் நன்றாகத்தான் இருக்கிறது. நீ சொல்லும் கதைகளுக்கெல்லாம் ஒரு வருஷமாக உன் முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன். அன்றைக்கு இதைத்தான் சொல்ல இருந்தேன்.

இனி வகுப்பு வேண்டாம், தேர்வுப் பிரிவில் உட்காருங்கள் என்று எழுதிக் காட்டினார். மரியாதையாகத்தான் எழுதினார்.

படிவத்தில் பதினோராவது கட்டத்தைப் பார்த்தேன். 'வகுப்புக்குப் பின் பதினைந்து நிமிடம் ஆசிரியருடன் பேசினேன்.' டிக் போட்டிருக்கிறாய். பேசினாளா என்று அவர் எழுதிக் கேட்டார். பேசினாள் என்றேன். இல்லை என்றால் உன் வேலை என்ன ஆவது?

அன்றைக்கு வகுப்பு முடிந்து, இரண்டு காபி வாங்கி வைத்துக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். மனசு விட்டுப்போய்விட்டது. இதையும் உன்னிடம்தானே சொல்லவேண்டியிருக்கிறது.

அக்கா

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் வராமல் நான் எழுதும் நான்காவது கடிதம் இது. வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். என் மேசையைக் காலி செய்து துடைத்துக்கூட வைத்திருக்கிறீர்கள்.

அந்த டிக் பொய் என்று துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். "முடிஞ்சு போனதை ஏன் கிளர்றீங்க?" என்று வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். வேலையும் நிரந்தரமாகிவிட்டது. யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

அந்த இரண்டாம் வரிசைப் பெண் என்னைத் தேடி வந்தாள். "அன்னைக்கு நான் சேர்ந்து ரெண்டு நாள்தான் மேடம் ஆகியிருந்துச்சு, முறை தெரியாது. எல்லாரும் சந்தேகத்தைச் சீட்டுல எழுதி டப்பால போட்டுடுவாங்க. அதுக்குப் பதில் சொல்லித்தான் மேடம் பாடமே நடத்துவாங்க. என்னாலதான் போயிட்டாங்களா?" என்று அழுதாள்.

மொத்த வகுப்பும் கேள்வியாலேயே நடந்திருக்கிறது அக்கா. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வியே இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

பிள்ளைகள் இன்னமும் அந்த டப்பாவில்தான் போடுகிறார்கள். இருபத்தொரு சீட்டு இருந்தது. டப்பாவோடு அனுப்புகிறேன். இருபத்திரண்டாவது என்னுடையது. ஏன் என்னிடம் முன்னாலேயே சொல்லவில்லை என்று முதலில் எழுதினேன். அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? கிழித்துவிட்டு, 'நான் வந்து உங்கள் எதிரில் உட்காரட்டுமா?' என்று மாற்றி எழுதியிருக்கிறேன்.

வாயாடி

செப்டம்பர் 15

உதவிப் பேராசிரியை அவர்களுக்கு,

வணக்கம். பார்சல் கிடைத்தது. இருபத்தொரு சீட்டுக்கும் பின்புறம் விடை எழுதியிருக்கிறேன். ஒரு பையன் கணக்கையே தப்பாக எடுத்தெழுதியிருக்கிறான், அதையும் திருத்திவிட்டேன். பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண்ணிடம், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

டப்பாவை நான் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் சீட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். பின்புறம் எதுவும் எழுதவில்லை.

இப்படிக்கு,
முன்னாள் ஆசிரியை,
கணிதத் துறை