காப்பீட்டுப் படிவத்தில் இருந்த வயது

சியோல்,
அக்டோபர் 5, 2023

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லாக என்ன போடுவது? எனக்குத் தெரியவில்லை. இருபத்தொன்பது வருடமாக அந்த இடத்தில் ‘அக்கா’ என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இன்றும் அப்படியே இருக்கட்டும், கும்ரான் அக்கா.

ஜுவாங்சான் மலைக்கு நம் மூவருக்கும் பேருந்தில் இருக்கை பிடித்துவிட்டேன். 28, சனிக்கிழமை. அந்த வாரம் அருவிப் பக்கமெல்லாம் இலை நன்றாகச் சிவந்திருக்கும் என்கிறது முன்னறிவிப்பு. போன வருடமும் இதையேதான் சொன்னார்கள், நாம் போய்ப் பச்சை இலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

பேருந்துக்காரர்கள் காப்பீட்டுக்காக அடையாள எண் கேட்டார்கள். நான் அழைத்தபோது நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள், உங்கள் கணவர்தான் அனுப்பினார். உங்கள் எண் 760211 என்று தொடங்குகிறது, அதாவது எழுபத்தாறு பிப்ரவரி பதினொன்று. நான் எழுபத்தைந்து செப்டம்பர், சூக்யோங் அதே வருடம் மார்ச். நீங்கள் எழுபத்து மூன்று என்றுதானே சொல்லியிருந்தீர்கள்? இந்த ஜூனில் அரசாங்கம் வயதை எண்ணும் முறையை மாற்றி எல்லோருடைய வயதிலும் ஒன்றிரண்டைக் கழித்தது உண்மை. ஆனால் பிறந்த வருடத்தில் அது கை வைக்கவில்லை.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். கைபேசியில் செய்தி அனுப்பிக் கேட்டால் நீங்கள் படித்துவிட்டது எனக்குத் தெரியும், பதில் சொல்லாமல் இருப்பதும் தெரியும். அதனால்தான் தபால். சூக்யோங்கிடம் எதுவும் சொல்லவில்லை.

ஹேரிம்

*

சுவோன்,
அக்டோபர் 10

அன்புள்ள ஹேரிம்,

கடிதம் என்றதும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிட்டேன். இதுதானா? அந்தக் காலத்தில் குழந்தை பிழைக்குமா என்று பார்த்துவிட்டுத்தானே பதிவு செய்வார்கள். எங்கள் அப்பா இன்னும் சோம்பேறி, மூன்று வருடம் கழித்துப் போய் எழுதினார். உன் மாமாவுக்கும் பதிவில் ஒரு வயது, நிஜத்தில் ஒரு வயது இல்லையா?

உனக்குப் போன தடவை கால் ஆடுசதை பிடித்துக்கொண்டதே, மக்னீசியம் மாத்திரை சாப்பிடுகிறாயா? கிம்பாப் சோற்றுச் சுருளை நானே சுருட்டிக்கொண்டு வருகிறேன். சூக்யோங்குக்கு முள்ளங்கி ஊறுகாய் வைக்காமல் தனியாக இரண்டு.

அக்கா

*

சியோல்,
அக்டோபர் 14

அன்புள்ள அக்கா,

மாத்திரை சாப்பிடுகிறேன். நன்றி.

பதிவு தாமதம் என்பதை நம்ப மிகவும் முயன்றேன். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பதில் அதுதான், பாதிப் பேருக்கு உண்மையும்கூட. ஆனால் பள்ளியில் சேர்ப்பது பதிவேட்டைப் பார்த்துத்தானே. உங்கள் பதிவுப்படி எண்பத்திரண்டில் முதல் வகுப்பு, பன்னிரண்டு வருடப் படிப்பு, நேராகத் தொண்ணூற்று நான்கு மார்ச்சில் நம் விடுதி அறை. அப்படியானால் நுழைவுத் தேர்வுக்கு மறுபடி மறுபடி படித்தேன் என்று சொல்வீர்களே, அந்த இரண்டு வருடம் எங்கே போகிறது? அந்தப் பயிற்சிக் கூடத்தின் படிக்கட்டுகள், அங்கே அழுத பெண், எல்லாம் எனக்குப் பார்த்தது போல நினைவிருக்கிறது. நான் பார்த்ததே இல்லை.

நீங்கள் சொல்ல விரும்பாவிட்டால் இத்தோடு விட்டுவிடுகிறேன். ஆனால் நம்பிவிட்டதாக நடிக்க எனக்கு வராது. அது உங்களுக்கே தெரியும்.

ஹேரிம்

*

சுவோன்,
அக்டோபர் 19

ஹேரிம்,

படிக்கட்டு என் மூன்றாவது அக்கா சொன்னது. அழுத பெண்ணும் அவள்தான்.

வீட்டில் நான் நாலாவது பெண், கடைக்குட்டி. தண்ணி கொண்டா, செருப்பை எடுத்து வை, கடைக்கு ஓடு. இதைத் தவிர என் பெயர் சொல்லி யாரும் எதுவும் பேசியதாக நினைவில்லை. அன்றைக்கு விடுதி அறைக்குள் கால் வைத்ததும் சூக்யோங் கேட்டாள், “எந்த வருஷம் பொறந்தீங்க? நாங்க ரெண்டு பேரும் எழுபத்தஞ்சு.” இங்கேயும் நான்தான் சின்னவள் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. எழுபத்து மூன்று என்று வாயில் வந்தது. உடனே இரண்டு பேரும் எழுந்து நின்று குனிந்து வணங்கினீர்கள். எனக்குக் கீழ்க்கட்டிலை விட்டுக்கொடுத்தீர்கள்.

ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அந்த வாரம் உனக்குக் காய்ச்சல். இரண்டு நாள் உன் நெற்றியில் ஈரத்துணி போட்டேன். “அக்கா, போகாதீங்க” என்றாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

அக்கா ஆனதும் அக்கா வேலையும் வந்து சேர்ந்தது. வீட்டில் செய்ததைவிட அதிகம். மலையில் தண்ணீர், வெள்ளரிக்காய், கத்தி, களிம்பு எல்லாம் என் பையில். யாரும் பின்தங்கிவிடக் கூடாது என்று நான் கடைசியில் நடப்பேன். நான் அருவிக்கு வந்து சேரும்போது நீங்கள் படமெல்லாம் எடுத்து முடித்து, “அக்கா வந்தாச்சு, கிளம்பலாம்” என்பீர்கள். பரவாயில்லை, நானே தேடிக்கொண்டது.

28ஆம் தேதி நான் வரவில்லை. நீ இனி அக்கா என்று அழைத்தால் கேலி போல இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால், உங்கள் இரண்டு பேருக்கும் நான் யார்? என் இருக்கையை ரத்து செய்துவிடு. சூக்யோங்கிடம் இடுப்பு வலி என்று சொல்.

கும்ரான்

*

சியோல்,
அக்டோபர் 27, வெள்ளி மாலை

அன்புள்ள கும்ரான் அக்கா,

ஒரு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இனி தபாலில் போட்டாலும் நாளைக்குள் சேராது. கையில் எடுத்து வருகிறேன், நீங்கள் இருந்தால் தருவதற்கு.

விவாகரத்து செய்யப் போவதை நான் முதலில் சொன்னது உங்களிடம். நீங்கள் என்னைவிடச் சின்னவர் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? அநேகமாக மாட்டேன். சின்னவர்களிடம் யார் அழுவார்கள்? ஆகவே உங்கள் பொய்யால் எனக்கு நன்மை ஆயிற்று என்று எழுத வேண்டும். எழுதினால் அது இனிப்பாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கை வரவில்லை. கொஞ்சம் ஏமாந்ததாகவும் இருக்கிறது. இரண்டும் இருக்கிறது.

இருக்கையை ரத்து செய்யவில்லை. நீங்கள் ஏறும் ஜுக்ஜோன் நிறுத்தத்துக்குப் பேருந்து ஏழு இருபதுக்கு வரும். இடுப்பு வலி பொய்யையும் சூக்யோங்கிடம் சொல்லவில்லை. பொய் சொல்ல உங்கள் அளவுக்கு எனக்குப் பயிற்சி இல்லை.

ஹேரிம்

அக்டோபர் 28, சனி மாலை

மேலே உள்ளதைத் தரவில்லை. இதையும் சேர்த்துத் தபாலில் போடுகிறேன். நீ முன்னால் போய்விட்டதால் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது.

நிறுத்தத்தில் நீ நின்றிருந்தாய். ஏறியதும் சூக்யோங், “அக்கா, கிம்பாப் எங்க?” என்றாள். “சுருட்டல” என்றாய். மலையடிவாரத்தில் இறங்கியதும் நீ திரும்பிப் பார்க்காமல் நடந்தாய்.

“என்னடி பண்ணின அவங்கள?” என்று சூக்யோங் கேட்டாள்.

“ஒண்ணும் பண்ணல.”

“சரி, தண்ணி குடு.”

என்னிடம் இல்லை. அவளிடமும் இல்லை. இருபத்தொன்பது வருடத்தில் எங்கள் இருவருக்கும் மலைக்குத் தண்ணீர் கொண்டுபோகத் தோன்றியதே இல்லை. எதிரே வந்த ஒருவர் ஆளுக்குப் பாதி ஆப்பிள் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு.

பாதையின் நடுவில் நின்றுவிட்டாள். ஆட்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“எழுபத்தாறா?”

“பிப்ரவரி.”

“அப்போ இந்த மூணு பேர்ல மூத்தவ யாரு?”

“நீ.”

“இந்தப் பதவிய எவ கேட்டா? அவ எத்தன தடவ என் தலையில தட்டியிருக்கா தெரியுமா? நான் குனிஞ்சு குனிஞ்சு மன்னிப்பு வேற கேட்டிருக்கேன்.”

பிறகு முட்டி வலியை மறந்து நடந்தாள், என்னால் பிடிக்க முடியவில்லை. இலைகளை நான் சரியாகப் பார்க்கவில்லை. சிவந்துதான் இருந்தன என்று நினைக்கிறேன்.

மிச்சத்தை நீயும் பார்த்தாய், ஆனாலும் எழுதி வைக்கிறேன். நீ செருப்பைக் கழற்றிவிட்டு அருவிக்கு எதிரே பாறையில் உட்கார்ந்திருந்தாய். சூக்யோங் மூச்சு வாங்க உன் முன்னால் போய் நின்றாள்.

“ஏய் கும்ரான், எந்திரி. மூத்தவளுக்கு எடம் விடு.”

நீ சட்டென்று எழுந்தாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் உட்கார்ந்தாள், காலை நீட்டினாள், நெற்றியைத் துடைத்தாள்.

“அக்கா, தண்ணி குடுங்க” என்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்று அவளுக்கே உறைக்க நேரமாயிற்று. நீ சிரிக்கவில்லை. அருவியைப் பார்த்துக்கொண்டே, “பை அங்க இருக்கு, யாராவது எடுத்துக்கங்க” என்றாய்.

சூக்யோங் என்னைப் பார்த்தாள். நான் போய் எடுத்து வந்தேன்.